குறைந்த பட்ஜெட்டில் போட்டோ எடிட்டிங் மானிட்டர்: வாங்குவது முதல் செட் செய்வது வரை

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு கல்யாண ஆல்பம் பிரிண்ட் ஆகி வந்தது. மணப்பெண் கட்டியிருந்தது அரக்குப் பட்டு. ஆல்பத்தில் அது காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது. மாப்பிள்ளையின் தலைமுடி ஒரே கறுப்புத் திட்டு. ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு லேபுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். லேப் அண்ணன் பதிலே பேசவில்லை. என் பென்டிரைவை வாங்கித் தன் கம்ப்யூட்டரில் செருகி, அதே படத்தைத் திறந்து, மானிட்டரை என் பக்கம் திருப்பினார். ஆல்பத்தில் இருந்தது அச்சு அசலாக அங்கேயும் இருந்தது.

"தம்பி, உங்க மானிட்டர்ல பிரைட்னஸ் எவ்வளவு வச்சிருக்கீங்க?"

100. வாங்கின நாளிலிருந்து 100தான்.

ஆல்பத்தை என் கைக்காசில் திரும்ப அடித்துக் கொடுத்தேன். அந்தத் தொகைக்குச் சுமாரான ஒரு மானிட்டரே வாங்கியிருக்கலாம். அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தை ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். பத்தாயிரத்திலிருந்து முப்பதாயிரம் ரூபாய்க்குள் மானிட்டர் தேடும் கல்யாண போட்டோகிராபர்கள், ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள், ஆசைக்குப் படம் எடுப்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த விலையில் நிறைய நிறம் காட்டும் மானிட்டரைத் தேடாதீர்கள், நிறத்தைச் சரியாகக் காட்டும் மானிட்டரைத் தேடுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

முதலில், உங்கள் படம் எங்கே போய்ச் சேர்கிறது?

கடைக்குக் கிளம்பும் முன் இதை யோசியுங்கள். லேபுக்குப் போகும் ஆல்பம், வாட்ஸ்அப்பில் சுற்றும் படம், இன்ஸ்டாகிராம் பக்கம் எல்லாமே பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபி என்ற ஒரே நிற வரம்புக்குள்தான் வாழ்கின்றன. ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 1996இல் உருவாக்கிய வரம்பு அது. இரண்டு வருடம் கழித்து வந்த அடோபி ஆர்ஜிபி அதைவிட அகலம், முக்கியமாகப் பச்சையிலும் நீலப்பச்சையிலும். மயில்கழுத்து நிறப் பட்டு இருக்கிறதே, அதன் அடர்த்தியான பகுதிகள் எஸ்ஆர்ஜிபிக்குள் முழுதாக அடங்காது. ஆகவே அகலமான மானிட்டர் வாங்கினால் என்ன என்று ஆசை வருவது நியாயம்தான்.

ஆனால் உங்கள் லேப் எஸ்ஆர்ஜிபி ஜேபெக்தான் கேட்கிறது என்றால், திரையில் பார்த்து ரசித்த மயில்கழுத்து பிரிண்டில் வராது. அது போக, அகல வரம்பு மானிட்டரில் நிறத்தைக் கணக்குப் போட்டுக் காட்டத் தெரியாத சாப்ட்வேரில் படத்தைத் திறந்தால் எல்லார் முகமும் குங்குமம் பூசியது போல இருக்கும். போட்டோஷாப்புக்கும் லைட்ரூமுக்கும் அந்தக் கணக்கு தெரியும், எல்லாவற்றுக்கும் தெரியாது. சொந்தமாக இங்க்ஜெட் பிரிண்டர் வைத்து ஆர்ட் பேப்பரில் பிரிண்ட் போடுபவர்களுக்கு அடோபி ஆர்ஜிபி தேவைப்படலாம். மற்றவர்களுக்கு எஸ்ஆர்ஜிபி 99 அல்லது 100 சதவீதம் போதும்.

பேனல்: இதில் மட்டும் சமரசம் வேண்டாம்

பேனல் என்பது படத்தைக் காட்டும் திரைப்பலகை. மூன்று வகை உண்டு. டிஎன் பேனலில் தலையைக் கொஞ்சம் மேலே தூக்கினால் படம் ஒரு மாதிரி, கீழே இறக்கினால் வேறு மாதிரி. எடிட்டிங்குக்கு ஆகாது.

விஏ பேனல் ஏமாற்றும். கான்ட்ராஸ்ட் 3000:1 அளவுக்கு வரும், கறுப்பு அட்டகாசமாக இருக்கும், கடையில் பார்த்தவுடன் பிடித்துப்போகும். ஆனால் நேராகப் பார்க்கும்போது இருண்ட பகுதியின் விவரங்கள் அமுங்கும், பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தால் வெளியே வரும். மணப்பெண்ணின் கூந்தலில் எத்தனை இழை தெரிகிறது என்பது நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறினால், நிழலை எந்த அளவுக்குத் தூக்குவது? படம் பார்க்க விஏ வாங்குங்கள், எடிட் செய்ய வேண்டாம்.

மிச்சம் இருப்பது ஐபிஎஸ். கான்ட்ராஸ்ட் 1000:1 சுற்றுவட்டாரம்தான், இருட்டறையில் மூலைகளில் லேசான பளபளப்பு தெரியும். ஆனாலும் எந்தக் கோணத்திலும் நிறம் பெரிதாக மாறாது. சாம்சங் இதே ரகத்துக்கு வைத்த பெயர் பிஎல்எஸ். ஏஹெச்விஏ என்று போட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம், பெயரில் விஏ இருந்தாலும் அது ஐபிஎஸ் குடும்பம்தான்.

வளைந்த திரை பற்றி ஒரே வரி: கோபுரமும் மண்டபத் தூணும் நேராக இருக்கிறதா என்று வளைந்த திரையில் பார்த்து முடிவு செய்ய முடியாது.

அட்டைப்பெட்டியில் இருக்கும் எண்கள்

இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். "72 சதவீதம் என்டிஎஸ்சி" என்று சில பெட்டிகளில் இருக்கும். என்டிஎஸ்சி என்பது 1953ஆம் வருடத்து அமெரிக்கக் கலர் டிவி தரம். அதன் பரப்பில் 72 சதவீதம் என்றால் ஏறக்குறைய எஸ்ஆர்ஜிபியின் பரப்பு. பரப்பு ஒன்று என்பதால் இடமும் ஒன்று என்று ஆகிவிடாது. உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஆளுக்குப் பத்து சென்ட் நிலம் இருக்கலாம், சர்வே எண் வேறு அல்லவா? அதனால் "எஸ்ஆர்ஜிபி கவரேஜ்" என்று தனியாகப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். "45 சதவீதம் என்டிஎஸ்சி" என்று இருந்தால் திரும்பிப் பார்க்காமல் நகர்ந்துவிடுங்கள். அது எஸ்ஆர்ஜிபியில் முக்கால் பங்கைக்கூடத் தொடாது. விலை குறைந்த லேப்டாப்களில் இருப்பது பெரும்பாலும் இந்தத் திரைதான். லேப்டாப்பில் எடிட் செய்பவர்கள் தனி மானிட்டர் வாங்க இதுவே போதுமான காரணம்.

அடுத்தது டெல்டா ஈ. காட்ட வேண்டிய நிறத்துக்கும் காட்டுகிற நிறத்துக்கும் உள்ள இடைவெளியை அளக்கும் எண் இது. 1 சுற்றி இருந்தால் கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம், 2க்குள் இருந்தால் நல்ல மானிட்டர், 3 வரை சமாளிக்கலாம். "டெல்டா ஈ 2க்குக் கீழ், ஃபேக்டரி காலிபரேட்டட்" (தொழிற்சாலையிலேயே நிறத்தை அளந்து சரிசெய்தது) என்று போட்டு, பெட்டிக்குள் ஒரு ரிப்போர்ட் தாளும் வைத்திருந்தால் அந்த நிறுவனம் நிறத்தைப் பற்றிக் கொஞ்சமாவது கவலைப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். எனக்கு மற்ற எல்லா எண்களையும் விட இதுதான் முக்கியம்.

8 பிட் என்றால் 1.67 கோடி நிறங்கள். சில பேனல்கள் உள்ளுக்குள் 6 பிட்தான், பக்கத்துப் பக்கத்து நிறங்களை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டி 8 பிட் போல நடிக்கும். வானம், ஸ்டுடியோ பின்னணி போன்ற இடங்களில் பட்டை பட்டையாகத் தெரிய வாய்ப்புண்டு. முடிந்தால் நிஜ 8 பிட் பாருங்கள். 10 பிட்டுக்காகக் கூடுதல் காசு வேண்டாம்.

144 ஹெர்ட்ஸ், 1 மில்லி செகண்ட் எல்லாம் கேம் விளையாடுபவர்கள் சமாசாரம், உங்கள் படம் ஓடப்போவதில்லை. டைனமிக் கான்ட்ராஸ்ட் கோடிக்கு ஒன்று என்று போட்டிருப்பது விளம்பரம். ஹெச்டிஆர் 400 ஸ்டிக்கரும் ஏறக்குறைய அப்படித்தான். திரையைப் பகுதி பகுதியாக மங்கலாக்கும் வசதி இல்லாமலேயே அந்தச் சான்றிதழை வாங்கிவிடலாம்.

சைஸும் ரெசல்யூஷனும்

கடைக்காரர் 27 இன்ச் ஃபுல் ஹெச்டியைத்தான் முதலில் காட்டுவார். பெரிசு, விலையும் குறைவு. வாங்காதீர்கள். 1920×1080 பிக்சல்களை 27 இன்ச்சில் பரப்பினால் ஒரு இன்ச்சுக்கு 82 பிக்சல்தான் தேறும். ஷார்ப்னஸ் சரியாக இருக்கிறதா என்று அதில் சொல்லவே முடியாது. அதே எண்ணிக்கை 24 இன்ச்சில் 92 ஆகும், பரவாயில்லை. 27 இன்ச் வேண்டுமென்றால் 2560×1440 எடுங்கள், 109 வரும். விண்டோஸில் எழுத்தைப் பெரிதாக்காமலே வேலை செய்ய வசதியான அளவு அது. 27 இன்ச் 4கேயில் 163. அருமையாக இருக்கும், ஆனால் பழைய கம்ப்யூட்டர் திணறும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. உங்கள் 24 மெகாபிக்சல் படத்தை 100 சதவீதத்தில் பெரிதாக்கினால் ஃபுல் ஹெச்டி திரையில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் தெரியும். 1440இல் ஆறில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு, 4கேயில் மூன்றில் ஒன்றுக்கு மேல். முகத்தில் பரு நீக்குவதே உங்கள் முழுநேர வேலை என்றால் இந்த வித்தியாசம் மாலைக்குள் தோளில் தெரியும்.

24 இன்ச்சில் 1920×1200 கிடைத்தால் விடாதீர்கள். கூடுதலாக வரும் 120 வரிசையில் லைட்ரூமின் கீழ்ப் பட்டை உட்கார்ந்துகொள்ளும்.

என்ன வாங்கலாம்?

விலை மாதத்துக்கு மாதம் மாறும், மாடலும் மாறும். அதனால் எந்த வரிசையில் தேடுவது என்று மட்டும் சொல்கிறேன்.

சுமார் இருபதாயிரம் ரூபாய் பட்ஜெட்டில் நான் முதலில் பார்ப்பது அசூஸ் புரோஆர்ட் பிஏ248கியூவி. 24.1 இன்ச், 1920×1200, ஐபிஎஸ், எஸ்ஆர்ஜிபி 100 சதவீதம், டெல்டா ஈ 2க்குள், உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்டாண்ட். இந்தக் கட்டுரையில் சொன்ன பாதி விஷயத்துக்கு அது ஒன்றே பதில். டெல் அல்ட்ராஷார்ப் வரிசையில் யு2422ஹெச்சும் அதே தரம், ஆனால் 1080தான். இன்னும் கொஞ்சம் நீட்ட முடிந்தால் 27 இன்ச் 1440இல் அசூஸ் பிஏ278கியூவி, பென்க்யூ பிடி2705கியூ இரண்டையும் பாருங்கள். இவற்றின் புதிய வாரிசுகள் வந்திருந்தால் அதே வரிசையில் அதே அம்சங்கள் இருக்கிறதா என்று ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பத்தாயிரம்தான் இருக்கிறதா? அந்த விலைக்குப் புதிதாக வாங்கினால் சாதாரண ஆபீஸ் ஐபிஎஸ்தான் வரும், அதிலும் எஸ்ஆர்ஜிபி 99 சதவீதம் போட்டிருப்பது உண்டு. நான் செகண்ட் ஹேண்ட் பக்கம் போவேன். ஐடி கம்பெனிகள் கழித்துவிடும் டெல் யு2412எம் மாதிரி மானிட்டர்கள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் வரும். 2011இல் வந்த மாடல் அது, 24 இன்ச், 1920×1200, ஐபிஎஸ், நல்ல ஸ்டாண்ட். வயதானதால் பேக்லைட் (திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு) மங்கியிருக்கலாம், வெள்ளை மஞ்சளடித்திருக்கலாம். மங்கியிருப்பதைக் கண்டுபிடிக்கக் கீழே ஒரு கேமரா வித்தை இருக்கிறது.

கடையில் பார்க்க வேண்டியவை

கடையில் எல்லா மானிட்டரும் பளிச்சென்ற மோடில் கிளி, பூ, நீர்வீழ்ச்சி என்று ஓடிக்கொண்டிருக்கும். எதையும் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பென்டிரைவில் உங்கள் படங்களையே கொண்டுபோங்கள். நான் எப்போதும் மூன்று எடுத்துப் போவேன்: வெயிலில் நிற்கும் வெள்ளை வேட்டி, கறுத்த கூந்தலில் மல்லிகைச் சரம், மாநிறமும் கறுப்புமான முகங்கள் நிறைந்த ஒரு குரூப் போட்டோ. வேட்டியின் மடிப்புகள் தெரிகின்றனவா, கூந்தலில் இழை பிரிகிறதா, முகங்கள் செம்பு நிறத்துக்கோ சாம்பல் நிறத்துக்கோ போகாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். நம் ஆட்களின் தோல் நிறத்தைக் கெடுக்கும் மானிட்டர் கிளியை எவ்வளவு அழகாகக் காட்டி என்ன பயன்?

ஆன்லைனில் வாங்கினால் பெட்டி பிரிப்பதைப் போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். முதல் நாளே திரை முழுக்கக் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், நடுச்சாம்பல் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். செத்த பிக்சல் புள்ளியாக நிற்கும். சாம்பலில் ஒரு ஓரம் இளஞ்சிவப்பாகவும் மறு ஓரம் பச்சையாகவும் இருந்தால் மாற்றிக் கேளுங்கள். கறுப்பில் மூலை வெளிச்சமாகத் தெரிந்தால் தலையை நகர்த்திப் பாருங்கள். கூடவே நகர்ந்தால் ஐபிஎஸ்ஸின் குணம், அப்படியே நின்றால் பேக்லைட் கசிவு. திருப்பித் தரும் அவகாசம் சில நாட்கள்தான் என்பதால் இந்த வேலையைத் தள்ளிப்போடக் கூடாது.

செட் செய்வது: கேமராவே மீட்டர்

சரி, மானிட்டர் மேஜைக்கு வந்துவிட்டது. இனிதான் என் ஆல்பத்தைக் கெடுத்த விஷயம்.

புதிய மானிட்டர் முழு பிரைட்னஸில் 250 முதல் 350 நிட்ஸ் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை வெளிச்சம் தரும். பிரிண்டுக்கு எடிட் செய்யத் தேவை 100 முதல் 120 வரைதான். 300இல் பார்த்துப் "போதுமான வெளிச்சம்" என்று முடிவு செய்த படம், 100இல் பார்ப்பவருக்கு ஒன்றரை ஸ்டாப் இருட்டு. காகிதம் தானாக ஒளிராது. லேப் அண்ணன் எனக்குச் சொல்லாமல் சொன்னது இதைத்தான்.

நிட்ஸை அளக்கக் கருவி வேண்டாம், உங்கள் கேமரா போதும். மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். திரை முழுக்க வெள்ளையை நிரப்புங்கள். கேமராவை மேனுவல் மோடில் வைத்து ஐஎஸ்ஓ 100, அபர்ச்சர் எஃப் 5.6, ஷட்டர் 1/30 என்று போடுங்கள். ஃபிரேம் முழுக்க வெள்ளை மட்டும் வருமாறு நெருங்கி, ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். முள் நடுவில் நின்றால் உங்கள் திரை சுமார் 120 நிட்ஸ். பிளஸ் பக்கம் போனால் மானிட்டரின் பிரைட்னஸைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். 100 நிட்ஸ் வேண்டுமென்றால் ஷட்டரை 1/25 ஆக்குங்கள்.

இது மந்திரமல்ல. கேனான், நிக்கான் மீட்டர்கள் 12.5 என்ற மாறிலியை வைத்து வேலை செய்கின்றன. அபர்ச்சர் எண்ணின் வர்க்கம் சுமார் 32, அதை 12.5ஆல் பெருக்கி, மறுபடி 30ஆல் பெருக்கி, ஐஎஸ்ஓ 100ஆல் வகுத்தால் 120 வரும். கேமராவுக்குக் கேமரா சிறிய வித்தியாசம் இருக்கும், ஆனால் பிரைட்னஸை 100இல் வைத்திருந்த என்னைப் போன்றவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. செகண்ட் ஹேண்ட் மானிட்டர் பார்க்கப் போகும்போதும் கேமராவை எடுத்துப் போங்கள். முழு பிரைட்னஸிலேயே முள் நடுவைத் தாண்டவில்லை என்றால் அந்த பேக்லைட்டின் கதை முடிந்தது.

அப்புறம் மெனு. எஸ்ஆர்ஜிபி மோட் இருந்தால் அதை வையுங்கள். சில மானிட்டர்களில் அந்த மோடில் பிரைட்னஸ் பூட்டிக்கொள்ளும். அப்படியானால் யூசர் மோடுக்குப் போய் 6500 கெல்வின், காமா 2.2 வைத்துக்கொள்ளுங்கள். டைனமிக் கான்ட்ராஸ்ட், நீலஒளி வடிகட்டி, விண்டோஸின் நைட் லைட், ஹெச்டிஆர் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஹெச்டிஎம்ஐ கேபிளில் போட்டுக் கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் மானிட்டரைத் திட்டாதீர்கள். கிராபிக்ஸ் கார்டு டிவி என்று நினைத்து 16 முதல் 235 வரை மட்டும் அனுப்புகிறது. அதன் செட்டிங்கில் ஃபுல் ரேஞ்ச் என்று மாற்றினால் சரியாகிவிடும். டிஸ்ப்ளே போர்ட் கேபிள் போட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

காலிபரேட்டர்

ஸ்பைடர், காலிபிரைட் போன்ற கருவிகள் திரையில் ஒட்டிக்கொண்டு நிறத்தை அளந்து, உங்கள் மானிட்டருக்கென்றே ஒரு புரொஃபைல், அதாவது அதன் நிறக் குணத்தைச் சொல்லும் ஃபைல், எழுதித் தரும். விலை சில சமயம் மானிட்டர் விலையையே எட்டிப்பிடிக்கும். தனியாக வாங்காமல் நான்கு போட்டோகிராபர்கள் சேர்ந்து ஒன்று வாங்குங்கள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆளுக்கு ஒரு நாள் போதும். டிஸ்ப்ளேகால் என்ற இலவச சாப்ட்வேர் பல கருவிகளோடு வேலை செய்யும். இலக்கு 6500 கெல்வின், காமா 2.2, 120 நிட்ஸ். மிகப் பழைய கருவியை யாராவது மலிவாகத் தந்தால் வாங்காதீர்கள், உள்ளே இருக்கும் வடிகட்டியே நிறம் மாறியிருக்கலாம்.

உங்கள் மாடலுக்கு வேறொருவர் எடுத்த புரொஃபைலை இறக்கிப் போடுவதும் வேண்டாம். ஒரே மாடல், ஒரே நாளில் செய்த இரண்டு மானிட்டர்கூட ஒன்று போல் இருக்காது. அடுத்தவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிப்பது போலத்தான் அது.

அறையும் கடைசிச் சோதனையும்

என் பழைய எடிட்டிங் அறைச் சுவர் கிளிப்பச்சை. அதன் நடுவில் உட்கார்ந்து முகங்களை எடிட் செய்தால் கண் பச்சைக்குப் பழகி, கை தானாக மெஜந்தாவைக் கூட்டும். வெள்ளைச் சுவர் நல்லது, இளஞ்சாம்பல் இன்னும் நல்லது. சுவரை மாற்ற முடியாவிட்டால் மானிட்டருக்குப் பின்னால் சாம்பல் துணி ஒன்றைத் தொங்கவிடலாம். ஜன்னல் வெளிச்சம் நேராகத் திரையில் விழக் கூடாது. முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் நீங்கள் போட்டிருக்கும் சிவப்புச் சட்டையும் திரையில் எதிரொளிக்கும்.

எல்லாம் முடிந்ததும் அந்த மூன்று படங்களையும் உங்கள் லேபில், ஆல்பத்துக்கு எந்தப் பேப்பரோ அதே பேப்பரில், "கலர் கரெக்ஷன் வேண்டாம்" என்று சொல்லி பிரிண்ட் போடுங்கள். பகலில் ஜன்னல் ஓரம் வைத்துத் திரையோடு ஒப்பிடுங்கள். பிரிண்ட் இருட்டாக இருந்தால் பிரைட்னஸை இன்னும் கொஞ்சம் இறக்குங்கள். நிறம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால், புரொஃபைல் இருக்கிறதா என்று லேபில் கேளுங்கள். கேட்டால் தருகிற லேப்கள் இருக்கின்றன.

ஒத்துப்போனதும் மெனுவில் உள்ள எல்லா எண்களையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டருக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள். என் வீட்டில் அண்ணன் மகன் லீவுக்கு வரும்போதெல்லாம் கேம் விளையாட பிரைட்னஸை 100க்கு ஏற்றிவிட்டுப் போவான். சீட்டைப் பார்த்து 24க்கு இறக்கிவிட்டுத்தான் நான் அடுத்த ஆல்பத்தைத் திறப்பேன்.